எச் விசைக்கு முழுப் புள்ளி: என்விடிஏ பற்றி ஒரு வரலாற்று வாத்தியாரின் மதிப்பீடு

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஒரு சதமும் இல்லை. என்விடிஏ விண்டோஸ் கணினிக்கான திரைவாசிப்பான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். மவுஸைத் தொடாமல் விசைப்பலகையை மட்டும் வைத்து எல்லா வேலையும் பார்க்கலாம். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கரன் 2006 இல் இதை எழுதத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். அந்த நேரம் கடையில் கிடைத்த திரைவாசிப்பான்களின் விலை சில வேளை கணினியின் விலையையே விஞ்சிவிடும். அதனால்தான் இலவசமாக ஒன்று வேண்டும் என்று இறங்கினார்கள். அவர்கள் அமைத்த என்வி அக்சஸ் என்ற இலாப நோக்கில்லாத நிறுவனம் வருடத்துக்குச் சில தடவை புதிய பதிப்பை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். பல்கலைக்கழகப் படிப்பு முடிகிற காலத்தோடு என் பார்வையும் முடிந்துவிட்டது. வரலாற்று வாத்தியாருக்கு வாசிப்புத்தானே தொழில். சுற்றுநிருபம், பாடத்திட்டம், வினாத்தாள், பிள்ளைகள் திடீரென்று கேட்கும் கேள்விக்கு விடை, எல்லாமே இப்போது இணையத்தில்தான். ஆகவே நான் சொல்லப்போவது ஒரு தொழில்காரனின் அபிப்பிராயம். கணினி நிபுணன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

என்விடிஏ பற்றிக் கதை எடுத்தாலே எல்லாரும் குரலைத்தான் கேட்பார்கள். "தமிழ் பேசுமா?" பேசும். அதோடு சேர்ந்தே வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ் இருக்கிறது. முதல் முறை கேட்பவருக்குத் தகரத்துக்குள் இருந்து யாரோ கதைப்பதுபோல இருக்கும். காது பழகியபின் வேகத்தைக் கூட்டிக் கூட்டி, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் விளங்காத அளவுக்குக் கொண்டுபோய்விடலாம். எங்கள் ஆசிரியர் அறையில் நான் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் எட்டிக் கேட்க முடியாது, அது ஒரு தனி வசதி. கொஞ்சம் மனிதக் குரல் வேண்டும் என்றால் விண்டோஸின் பேச்சு அமைப்பில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரலை இறக்கி, என்விடிஏயில் அதைத் தெரிவு செய்யலாம். நீண்ட கட்டுரைக்கு வள்ளுவர், அவசர வேலைக்கு ஈஸ்பீக் என்பது என் வழக்கம். குரல் விசயம் அவ்வளவுதான்.

நான் புகழ வந்தது ஒரேயொரு விசையை. எச்.

உங்களுக்குக் கண் தெரியும் என்றால், ஒரு நீண்ட பக்கத்தைத் திறந்ததும் நீங்கள் முதல் செய்வதைக் கவனித்துப் பாருங்கள். வாசிக்க மாட்டீர்கள். பெரிய எழுத்தில் என்ன இருக்கிறது என்று மேலும் கீழும் ஒரு ஓட்டம் ஓட்டி, வேண்டிய இடத்தில் நிற்பீர்கள். அந்த ஓட்டத்தை எனக்குத் தருவது எச் விசை. ஒரு தரம் அமர்த்தினால் அடுத்த தலைப்புக்குப் போய் அதை வாசிக்கும், அதன் நிலையையும், அதாவது பெரும் பிரிவா உட்பிரிவா என்பதையும், சொல்லும். ஷிஃப்டோடு சேர்த்து அமர்த்தினால் முந்திய தலைப்பு. 1 இலிருந்து 6 வரையான இலக்கங்களுக்கும் வேலை உண்டு: 2 ஐ அமர்த்தினால் இரண்டாம் நிலைத் தலைப்புகள் மட்டும், 3 ஐ அமர்த்தினால் மூன்றாம் நிலை மட்டும். என்விடிஏ விசையையும் (இன்சேட், அல்லது நாம் தெரிவு செய்தால் கெப்ஸ் லொக்) எஃப்7 ஐயும் சேர்த்து அமர்த்தினால் பக்கத்தின் தலைப்புகள் முழுவதும் கிளை பிரித்த பட்டியலாக வந்து நிற்கும். தேடும் சொல்லில் இரண்டு எழுத்து அடித்தால் பட்டியல் சுருங்கும்.

இரவில் மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ்ஸில் வருகிறேன் என்று வையுங்கள். கொண்டக்டர் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தால் நான் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. செட்டிபாளையம் என்றதும் பையை எடுப்பேன், களுதாவளை என்றதும் கதவடிக்கு வருவேன். வாய் திறக்காத கொண்டக்டர் வாய்த்தால் வளைவையும் குழியையும் எண்ணிக்கொண்டுதான் வரவேண்டும். தலைப்பில்லாத இணையப்பக்கம் அந்த இரண்டாவது பஸ்.

இது என் ஒருவனின் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எயிம் என்ற அமைப்பு திரைவாசிப்பான் பாவிப்பவர்களிடம் சில வருடத்துக்கு ஒரு முறை கேட்டு எழுதுகிறது. 2024 தொடக்கத்தில் வந்த கணக்கெடுப்பில், நீண்ட பக்கத்தில் தகவல் தேட முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு 10 பேரில் 7 பேர் தலைப்பு வழியாகப் போவோம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துக்குள் சொல்லைத் தேடுவது, இணைப்பு இணைப்பாகப் போவது, முழுவதையும் வாசிப்பது எல்லாம் அதற்கு எவ்வளவோ பின்னால்தான்.

நல்ல பக்கத்தில் இது எப்படி வேலை செய்யும் என்பதற்கு வகுப்பறையில் நடந்ததைச் சொல்கிறேன். மட்டக்களப்புக் கோட்டையை ஊரில் எல்லாரும் ஒல்லாந்தர் கோட்டை என்றுதான் சொல்வார்கள். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று எழும்பி, "சேர், அப்ப ஒல்லாந்தர்தானே கட்டின?" என்று கேட்டது. கட்டியவர்கள் போர்த்துக்கேயர், 1628 இல். பத்து வருடம் கழித்து, 1638 மே மாதத்தில், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து வந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். அரசனோடு ஒப்பந்தம் எழுதப்பட்டதும் அதே மாதம், இதே மட்டக்களப்பில்தான். விடை எனக்குத் தெரியும். ஆனால் வாத்தியார் சொன்னார் என்று பிள்ளை கொப்பியில் எழுதுவது எனக்குப் பிடிக்காது, பார்த்து எழுத வேண்டும். லப்டொப்பைத் திறந்து, ஒலிபெருக்கியைக் கூட்டி, விக்கிப்பீடியாவில் இலங்கை வரலாறு பற்றிய கட்டுரைக்குப் போனேன். இராவணன் காலத்திலிருந்து நேற்று வரைக்கும் போகிற நீளம் அது. 2 ஐத் தட்டித் தட்டி, காலம் காலமாகத் தாண்டிக்கொண்டு போனேன். குடியேற்றக் காலம் வந்ததும் 3 ஐத் தட்டி உட்பிரிவுக்குள் இறங்கினேன். வகுப்பு வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது. முன் வாங்குப் பிள்ளை ஒன்று, "சேர், நாங்க போன்ல உருட்டுறத விட கெதியா இருக்கே" என்றது. உண்மைதான், கெதிதான். விக்கிப்பீடியாவில் கட்டுரைப் பெயர் முதலாம் நிலை, பெரும் பிரிவுகள் இரண்டாம் நிலை, அதற்குள் வருபவை மூன்றாம் நிலை என்று எழுதுபவர் யாராக இருந்தாலும் ஒரே ஒழுங்கு. அங்கே எனக்கு வழி கேட்கத் தேவையே வருவதில்லை.

மறுகா நம்மூர்ப் பக்கங்களுக்கு வருவோம்.

என்விடிஏ ஊகிக்காது. பக்கத்தை எழுதியவர் எதைத் தலைப்பு என்று குறித்திருக்கிறாரோ அதை மட்டுமே தலைப்பு என்று சொல்லும். எழுத்தைத் தடிப்பாக்கி, பெரிதாக்கி, நடுவில் வைத்து, கீழே கோடும் போட்டுவிட்டால் கண்ணுக்கு அது தலைப்பு; என் காதுக்கு அது இன்னுமொரு வரி. எச் அடித்தால் "நோ நெக்ஸ்ட் ஹெடிங்" என்று சொல்லிவிட்டு நிற்கும். (நான் கட்டளைகளை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறேன், பழகிவிட்டது. தமிழுக்கும் மாற்றலாம்.) பிரதேசச் செய்தித் தளங்கள், பாடசாலைத் தளங்கள், கழகத் தளங்கள் என்று நான் போய்வரும் இடங்களில் அந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

இதற்கு எதிர்ப் பக்கமும் உண்டு. பெரிய எழுத்து வேண்டும் என்பதற்காகத் தலைப்புக் குறியைக் கண்டபாட்டுக்குப் பாவிப்பது. தொலைபேசி இலக்கம் முதலாம் நிலைத் தலைப்பு. "அனைவரும் வருக" இரண்டாம் நிலைத் தலைப்பு. ஒரு மரண அறிவித்தலில் முழுப் பந்தியுமே தலைப்பாக இருந்தது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர் எல்லாம் ஒரே மூச்சில் வந்து, கடைசியில் "ஹெடிங் லெவல் 3" என்று முடிந்தது. கிரியை எத்தனை மணிக்கு என்பது அதற்குக் கீழே சாதாரண எழுத்தில் கிடந்தது.

இன்னொரு வகை, பாடசாலைத் தளங்களில் கூடுதல்: தலைப்பு சரியாகத்தான் குறிக்கப்பட்டிருக்கும், ஆனால் "அறிவித்தல்", "அறிவித்தல்", "அறிவித்தல்" என்று போகும். பட்டியலை எடுத்துப் பார்த்தால் எது பெற்றோர் கூட்டம், எது தவணைப் பரீட்சை என்று ஒன்றும் விளங்காது. தலைப்பைத் தனியே பிடுங்கி எடுத்து வாசித்தாலும் விசயம் விளங்க வேண்டும். "மூன்றாம் தவணைப் பரீட்சை நேரசூசி" என்று எழுதினால் நாலு சொல். என் வேலை முடிந்தது.

என்னிடம் படித்த பொடியன் ஒருவன் கணினிக் கடை வைத்திருக்கிறான். கோயில், ரியூட்டரி, விளையாட்டுக் கழகம் என்று இணையப்பக்கம் செய்துகொடுப்பது அவனுடைய பக்கத் தொழில். ஆள் கெட்டிக்காரன், கைராசிக்காரன். போன வருடம் ஒரு கோயில் திருவிழாவுக்குப் பக்கம் செய்திருந்தான். கடைக்குப் போனபோது கதிரையை இழுத்துப் போட்டு, "சேர், பாருங்க, எவ்வளவு வடிவா வந்திருக்கு" என்றான். சொன்ன கையோடு பேச்சு நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான்.

"நீ பார் மனே, நான் கேக்கிறன்" என்றேன்.

என் பென் டிரைவில் எப்போதும் ஒரு என்விடிஏ இருக்கும். நிறுவாமலே ஓடும் பதிப்பு; யாருடைய கணினியிலும் குத்தி வேலை பார்க்கலாம். குத்தி, பக்கத்தைத் திறந்து, எச் அடித்தேன். "நோ நெக்ஸ்ட் ஹெடிங்."

"இல்லையே சேர், தலைப்பு இருக்கு. ஒவ்வொரு நாளுக்கும் சிவப்புல, பெரிசாப் போட்டிருக்கன்."

"சிவப்பு இதுக்குத் தெரியாது."

அவன் நம்பவில்லை. திரையை அணைக்கச் சொன்னேன், ஹெட்போனைக் காதில் போடச் சொன்னேன். "தீர்த்தம் எத்தனை மணிக்கு என்று எனக்குச் சொல்லு, இந்தக் கீழம்புக்குறியை மட்டும் அமத்து." கொடியேற்றத்திலிருந்து தொடங்கினான். நம்மூர்த் திருவிழா அறிவித்தலில் உபயகாரர் பட்டியல் எவ்வளவு நீளம் போகும் என்று தெரியும்தானே. இன்ன குடியினர், இன்ன சங்கத்தார், இன்னார் குடும்பம், வெளிநாட்டிலிருந்து இன்னார் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படை. மூன்றாம் திருவிழாவுக்குள்ளேயே ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டான். "ஒண்ணா சேர். எனக்குத் தலை சுத்துது."

அப்புறம் உட்கார்ந்து திருத்தினோம். அதாவது அவன் திருத்தினான், நான் அரியண்டம் கொடுத்தேன். தளம் வேர்ட்பிரஸ் என்ற, இணையப்பக்கம் செய்யும் மென்பொருளில் இருந்தது. பந்தியாகப் போட்டுத் தடிப்பாக்கிய வரியைத் தெரிவு செய்து, மேலே வரும் பட்டையில் பந்தி என்பதைத் தலைப்பு என்று மாற்றினால் போதும். கேட்காமலே இரண்டாம் நிலையாக வரும். நாள்கள் எல்லாம் இரண்டாம் நிலை. ஒவ்வொரு நாளுக்குள்ளும் வரும் காலைப் பூசை, மாலைப் பூசை, சுவாமி வீதியுலா எல்லாம் மூன்றாம் நிலை. திருவிழாவின் பெயர் பக்கத்தின் பெயராக ஏற்கனவே முதலாம் நிலையில் இருந்தது. அதை வேர்ட்பிரஸின் வார்ப்பே (தளத்தின் ஆயத்த வடிவமைப்பு) போட்டுவிடும், நாம் திரும்ப ஒரு முதலாம் நிலை போடத் தேவையில்லை.

உபயகாரர் பெயரில்தான் சிக்கல் வந்தது. கோயில் நிருவாகம் அந்தப் பெயர்கள் பெரிதாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அவன் அதையும் தலைப்பாக்கப் போனான். "வேணாம்" என்றேன். தலைப்பாக்கினால் நான் எச் அடிக்க அடிக்க ஊர்ப் பெரியவர்கள்தான் வரிசையாக வருவார்கள், தீர்த்தம் வராது. பெயரைத் தடிப்பாக்கட்டும், பெரிதாக்கட்டும், தங்க நிறம் பூசட்டும். அதெல்லாம் அலங்காரம், தாராளமாகச் செய்யலாம். தலைப்பு என்ற குறி மட்டும் அடுத்து என்ன பகுதி தொடங்குகிறது என்று சொல்வதற்கு இருக்கட்டும். ஏற்றுக்கொண்டான்.

முடிந்ததும் 2 ஐ அமர்த்தினேன். "கொடியேற்றம், ஹெடிங் லெவல் 2." "இரண்டாம் நாள் திருவிழா, ஹெடிங் லெவல் 2." தட்டிக்கொண்டே போனேன், வேட்டைத் திருவிழா தாண்டி, "தீர்த்தோற்சவம், ஹெடிங் லெவல் 2." கீழே ஒரு வரி இறங்கினேன். நேரம் அங்கேயே இருந்தது. ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்துக்குள் திருத்தம் முடிந்திருந்தது. வாங்கி வந்ததைக் குடிக்க மறந்திருந்தோம்.

அவனுக்கு இதில் தனி இலாபமும் கிடைத்தது. முன்பு ஒவ்வொரு வரியாகத் தெரிவு செய்து சிவப்பாக்கியிருந்தான். இப்போது இரண்டாம் நிலைத் தலைப்பு என்றால் இந்த நிறம், இந்த அளவு என்று ஒரே இடத்தில் எழுதிவிட்டான். பிறகு நிருவாகத்தார் வந்து சிவப்பு வேண்டாம், காவி நிறம் போடு என்றபோது ஒரு வரியை மாற்றினான், பக்கம் முழுவதும் மாறியது. தீர்த்தத் தலைப்புக்கு ஒரு நங்கூரப் பெயரும் வைத்து, நேரே அந்த இடத்துக்கே போகும் இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினான். கண் தெரிந்தவர்களுக்கும் உபயகாரர் பட்டியலைத் தாண்ட ஒரு வழி கிடைத்தது.

இணையப்பக்கம் செய்பவர்கள் அடிக்கடி கேட்பது நிலைகளைப் பற்றி. முதலாம் நிலைக்குப் பிறகு நேரே நாலாம் நிலைக்குப் பாயலாமா? பாய்ந்தால் உலகம் இடியாது. அணுகுதன்மைக்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, கண்ணுக்குத் தெரியும் அமைப்பு குறியிலும் இருக்க வேண்டும் என்கிறது, தலைப்பு அதன் விசயத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது; நிலை தாண்டுவதைத் தனியே குற்றம் என்று எழுதவில்லை. ஆனால் எனக்கு 2 உம் 3 உம் தவறிப்போனால், நடுவில் ஒரு பகுதியை விட்டுவிட்டேனோ என்று திரும்பிப் போய்த் தேடுவேன். எழுத்தின் அளவு பிடிக்கவில்லை என்பதற்காக நிலையை மாற்றுபவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். அளவை அலங்காரத்தில் மாற்றுங்கள், நிலையில் கை வைக்காதீர்கள்.

செய்தித் தளக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. செய்தியின் தலைப்பை முதலாம் நிலையில் வையுங்கள். 1 ஐ ஒரு தரம் அமர்த்தினால் நான் நேரே செய்தியில் நிற்பேன். மேலே உள்ள பட்டியலும் விளம்பரமும் "அதிகம் வாசிக்கப்பட்டவை"யும் என் காதுக்கு வராமலே போகும். பல தளங்களில் பக்கவாட்டுப் பெட்டிகள் எல்லாம் ஒழுங்கான தலைப்போடு இருக்கும், செய்தி மட்டும் தலைப்பில்லாமல் இருக்கும். வீட்டில் எல்லா அறைக்கும் பெயர் எழுதி வைத்துவிட்டு விருந்தாளியைத் திண்ணையில் விட்ட கணக்கு என்று எழுதலாம்தான். பஸ் கதை ஒன்று ஏற்கனவே சொல்லிவிட்டேன், விடுங்கள்.

இது புதிய நாகரிகம் ஒன்றும் இல்லை. உலகத்தின் முதல் இணையத்தளம் சேர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வுகூடத்தில் பிறந்து, 1991 இல் வெளியுலகுக்கு வந்தது. அதன் பழைய பிரதி இன்றும் இணையத்தில் திறக்கிறது. படம் இல்லை, நிறம் இல்லை. நான் 1 ஐ அமர்த்தினேன். "வேர்ல்ட் வைட் வெப், ஹெடிங் லெவல் 1" என்று உடனே சொன்னது. முதல் நாளே இருந்த வசதி. வரலாற்று வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்.

வேர்ட் ஆவணங்களிலும் இதே கதைதான். என் சக ஆசிரியர்கள் அனுப்பும் பாடக் குறிப்பில் அலகின் பெயரைத் தடிப்பாக்கிக் கோடு போட்டு வைத்திருப்பார்கள். கொன்ட்ரோல், ஓல்ட், 1 மூன்றையும் சேர்த்து அமர்த்தினால் அந்த வரி முதலாம் நிலைத் தலைப்பு. 2, 3 ஐச் சேர்த்தால் அடுத்த நிலைகள். கூகுள் டொக்ஸிலும் இதே விசைகள்தான். அப்படிச் செய்தால் எனக்கு மட்டுமில்லை, அவர்களுக்கும் இடப்பக்கத்தில் தலைப்புப் பட்டியல் வரும், உள்ளடக்கத்தை வேர்ட் தானே போட்டுக்கொடுக்கும். பிடிஎஃப் ஆக்கும்போது "சேவ் அஸ்" வழியாகப் போய், அணுகுதன்மைக் குறிகளைச் சேர்க்கும் தெரிவு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆக்குங்கள். அச்சிடுவதுபோல "பிரின்ட்" கொடுத்து ஆக்கினால் தலைப்புக் குறி எல்லாம் உதிர்ந்துவிடும். வேர்டுக்குள் எச் விசை பாவிக்க, முதலில் என்விடிஏ விசையோடு இடைவெளி விசையை அமர்த்த வேண்டும். இதைத் தெரியாமல் எச் எழுத்தை ஆவணம் முழுக்க விதைத்தவர்கள் உண்டு.

பாமினி எழுத்துருவில் தட்டிய ஆவணத்துக்கு என்விடிஏ ஒன்றும் செய்ய முடியாது. கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். குரல் அதைத்தான் வாசிக்கும். தலைப்பு ஒழுங்காகக் குறித்திருந்தாலும் "ஹெடிங் லெவல் 1" என்பது மட்டும்தான் விளங்கும், மிச்சம் மந்திரம். அலுவலகங்களில் இன்னும் பாமினிதான் ஓடுகிறது. ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. தயவுசெய்து மாற்றிவிட்டு அனுப்புங்கள். தலைப்பைப் படமாகச் செய்து ஒட்டுபவர்களுக்கும் இதுவே விண்ணப்பம்: படத்துக்குள் இருக்கும் எழுத்தை என்விடிஏ தானாக வாசிக்காது. மாற்று உரை (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வரி) எழுதாத படத்துக்கு இணைப்பும் கொடுத்திருந்தால் பல வேளை ஒரு கோப்பின் பெயரைத்தான் சொல்லும், அது பெரும்பாலும் கமரா வைத்த இலக்கம்.

போன் வைத்திருப்பவர்களுக்கு என்விடிஏ இல்லை, அது விண்டோஸுக்கு மட்டும். அண்ட்ரொயிட்டில் டோக்பக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது: மூன்று விரலால் மேலோ கீழோ இழுத்துத் தலைப்புகள் என்பதைத் தெரிவு செய்து, பிறகு ஒரு விரலால் கீழே இழுத்தால் அடுத்த தலைப்பு. ஐபோனில் அதன் சொந்தத் திரைவாசிப்பானை ஓடவிட்டு, இரண்டு விரலைத் திருகித் தலைப்புகளைத் தெரிவு செய்தால் அதே வேலை. எந்தக் கருவியாக இருந்தாலும் பக்கத்தில் தலைப்பு குறிக்கப்படாவிட்டால் எல்லாருக்கும் ஒரே கதி.

என்விடிஏயின் குறைகளையும் சொல்ல வேண்டுமே. புதிதாகத் தொடங்குபவரை முதலில் குழப்புவது இரண்டு நிலைமை. பக்கத்தை வாசிக்கும்போது எச் தலைப்புக்குப் போகும். தேடல் பெட்டிக்குள் நிற்கும்போது எச் அடித்தால் பெட்டிக்குள் எச் எழுத்து விழும். மாறும்போது ஒரு சின்னச் சத்தம் வரும், அதைக் காது பிடிக்கச் சில காலம் எடுக்கும். எஸ்கேப் விசை வெளியே கொண்டுவந்துவிடும் என்று யாராவது பக்கத்தில் இருந்து சொல்லித்தந்தால் முதல் வாரத்தில் கைவிடுபவர் தொகை பாதியாகும் என்பது என் எண்ணம். பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கத்தில் குரல் மாறுவதும் எல்லா நேரமும் ஒழுங்காக நடக்காது. பக்கத்தின் மொழி தமிழ் என்று உள்ளே குறித்திருந்தால் நன்றாக மாறும், நம் தளங்களில் வார்ப்போடு வந்த ஆங்கிலம் என்ற குறியே அப்படியே கிடக்கும். அது என்விடிஏயின் பிழை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்பவர் ஏசுவது அதைத்தான்.

இந்தக் கட்டணமில்லாத சாமானுக்கு என் புள்ளி: குரலுக்கு ஐந்தில் மூன்று, கற்றுக்கொள்ளும் இலகுவுக்கு மூன்று, எச் விசைக்கு ஐந்து.

இறக்கப் போகிறவர்களுக்கு: என்வி அக்சஸின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். நன்கொடை கேட்கும், இம்முறை இல்லை என்ற தெரிவும் அங்கேயே இருக்கிறது, வெட்கப்படத் தேவையில்லை. முடிந்தவர்கள் கொடுங்கள். முதல் முறை திறந்ததும் வரும் வரவேற்புப் பெட்டியில் கெப்ஸ் லொக்கை என்விடிஏ விசையாகப் பாவிக்கும் தெரிவை விழுத்திவிடுங்கள்; லப்டொப்களில் இன்சேட் விசையை ஒரு மூலையில் ஒளித்துத்தான் வைத்திருப்பார்கள். பென் டிரைவில் வைக்கும் பிரதியை என்விடிஏயின் கருவிகள் பட்டியலிலிருந்தே உருவாக்கலாம், சில நிமிட வேலை. பிறகு உங்கள் பாடசாலைத் தளத்தையோ கோயில் தளத்தையோ திறந்து எச் அடித்துப் பாருங்கள்.